மூணு பக்க விண்ணப்பம்

இங்க உக்காரலாமா தாயி? ஆள் வருதா? பையை மட்டும் கொஞ்சம் அங்கிட்டு நகட்டிக்க. முழங்கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. இந்தப் பரீட்சை ஆபீஸக் கொண்டுபோய் மாடியில வச்சிருக்காக.

உள்ள நிக்கிறாளே நீலச் சேலை, அவதான் என் மருமக. மாரீஸ்வரி. நானும் இம்புட்டு நேரம் உள்ளதான் இருந்தேன். அந்த மேடம் ஒவ்வொரு கேள்வியாக் கேக்குது. இவ வாயத் திறக்க ஒரு நாழி ஆக்குவா. நமக்குப் பொறுக்குமா? நான் பதில் சொன்னேன். நாலு தடவை கேட்டுக்கிட்டு இருந்த மேடம் அஞ்சாவது தடவை, "பாட்டி, பரீட்சை எழுதுனது நீங்களா, அவங்களா? கொஞ்சம் வெளிய உக்காருங்க"ன்னு சொல்லிருச்சு. மரியாதையாத்தான் சொன்னுச்சு. நானும் மரியாதையா வந்துட்டேன்.

நீ எதுக்கு வந்த? மக மார்க் சீட்டுல இனிசியல் தப்பா? அது ஆயிரும் தாயி, கவலப்படாத. எங்களுது அப்படியில்ல. எல்லாருக்கும் கம்ப்யூட்டர்ல பாஸுன்னு வரும், இல்ல ஃபெயிலுன்னு வரும். இவளுக்கு ரெண்டும் வரல. "நிறுத்தி வைப்பு"ன்னு வந்திருக்கு. பஸ்ஸை நிறுத்துவாக, கரண்டை நிறுத்துவாக. ஒருத்தி எழுதுன பரீட்சையை எப்படி நிறுத்துவாக? நேருல வந்து விளக்கம் சொல்லணும்னு கடுதாசி வந்துச்சு. அதான் சரம் பின்னுற வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்கோம். பட்டாசுக் கம்பெனியில சரம் பின்னுறா. அவ விரலப் பாரு, எம்புட்டுக் கழுவுனாலும் ஈயம் பூசுன மாதிரியே இருக்கும்.

பத்தாவது தாயி. பிரைவேட்டா எழுதுனா. எல்லாப் பாடமும் இல்ல, தமிழ் மட்டும். மத்ததெல்லாம் அந்தக் காலத்துலயே பாஸ். கணக்குல எழுவத்தெட்டு. தமிழ் மட்டும் எப்படிப் போச்சுன்னு கேக்குறியா? அது ஒரு கதை. நாங்க அவளப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்குத்தான் அவளுக்குத் தமிழ்ப் பரீட்சை. அவுகப்பா கையப் பிசைஞ்சுக்கிட்டு, "மதினி, சாயங்காலமா வாங்களேன், பிள்ளைக்குப் பரீட்சை"ன்னாரு. சாயங்காலம் எமகண்டம். மறுநாள் அஷ்டமி. நான் என்ன செய்ய முடியும்? பரீட்சை எங்க போகுது, வருஷா வருஷம் வரும், நல்ல நேரம் வருமான்னு கேட்டேன். அவுகளுக்கும் சரின்னு பட்டுச்சு. இவ யூனிபாரத்தக் கழட்டிட்டுச் சேலையக் கட்டிக்கிட்டு வந்து காப்பித்தட்டை நீட்டுனா. பாரு, அன்னைக்குக்கூட முகத்தத் தூக்கல. நல்ல அடக்கமான பிள்ளைன்னு அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன்.

கலியாணமும் நல்லபடியா நடந்துச்சு. பந்தியில சாம்பாரு பத்தாமப் போனது வேற கதை. அத விடு.

எம்மகன் சீனிராஜ். நகராட்சியில தண்ணி திறந்துவிடுற வேலை. பெரிய வேலைன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஊரே அவன் கைக்குக் காத்துக் கிடக்கும். கோழி கூப்பிட எந்திரிச்சு, ஆள் உசர இரும்புச் சாவியத் தோள்ல போட்டுக்கிட்டு சைக்கிள்ல போவான். ரோட்டுக்கு அடியில வால்வு இருக்கும்ல, அதுல விட்டுத் திருகணும். மேலத்தெருவுக்கு முக்கால் மணி நேரம், கீழத்தெருவுக்கு முக்கால் மணி நேரம். அஞ்சு நிமிஷம் குறைஞ்சா பொம்பளைங்க குடத்தத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு வாசலுக்கு வந்துருவாக. கீழத்தெரு சந்தனம்னு ஒருத்தி, எம்மகன வாய்க்கு வந்தபடி பேசுவா. அவ மகளுக்குச் சடங்கு வச்சப்ப ராத்திரியே என்கிட்ட வந்து, "யக்கா, நாளைக்கு மட்டும் ஒரு அரைமணி கூட விடச்சொல்லு"ன்னு நின்னா. எம்மகன் விட்டான். பதினோரு வருஷம் தாயி, ஒரு நாள் மட்டம் போட்டதில்ல. அவனுக்கு அம்மை போட்டப்பக்கூட வேப்பிலையச் சொருகிக்கிட்டுப் போனான்.

தண்ணி ஏத்துற மோட்டார் ரூமுக்குள்ளயேதான் அவன் உசுரு போச்சு. நெஞ்சு வலி. கூட ஆள் இல்ல. வால்வத் திறந்துட்டு வந்து உக்காந்திருக்கான், அப்படியே சாஞ்சுட்டான். மூட ஆள் இல்லேல்ல, தண்ணி பாட்டுக்கு வந்துக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கு எங்க தெருவுல பதினோரு மணி வரைக்கும் தண்ணி. நானும் பிடிச்சேன். குடம், அண்டா, தொட்டி, பேத்தி குளிக்கிற வாளி, எல்லாம் பிடிச்சேன். எம்மகனுக்கு இன்னைக்கு நல்ல மனசுன்னு சந்தனத்துகிட்டச் சொல்லிக்கிட்டே பிடிச்சேன் தாயி.

ம்.

தண்ணி இருக்கா உன்கிட்ட? ஒரு மடக்குக் குடு.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன். ஆங், வேலை. வேலையில இருக்கையில செத்துட்டா வீட்டுல ஒருத்தருக்கு வேலை குடுப்பாகளாம், கருணை அடிப்படைன்னு பேரு. நகராட்சி கிளார்க்கு தன்மையான ஆளு. "யம்மா, மருமக பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா ஆபீஸ்லயே பைல் எடுத்து வைக்கிற வேலைக்கு எழுதலாம். சர்டிபிகேட் இல்லேன்னா தெருக் கூட்டுற வேலைக்குத்தான் எழுத முடியும். எதுன்னாலும் மூணு வருஷத்துக்குள்ள மனு வந்துரணும்"னு சொன்னாரு. வர்ற ஆவணியோட மூணு வருஷம். கூட்டுற வேலையும் வேலைதான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா எம்மகன் சாவியத் தோள்ல போட்டுக்கிட்டுப் போன அதே தெருவுல, அந்தச் சந்தனம் வீட்டு வாசல்ல, இவ விளக்கமாத்தோட நிக்கணுமா? இவ, "பரீட்சை எழுதுறேன் அத்த"ன்னு மட்டும் சொன்னா.

எங்க பஸ்ஸ்டாண்டுகிட்ட ஒரு ஜெராக்ஸ் கடை. அங்க பொன்செல்வின்னு ஒரு பொண்ணு. தமிழ்ல எம்.ஏ. படிச்சிட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு இருக்கு. இவளவிட ஏழெட்டு வயசு சின்னது. அது கடைக்குப் பின்னாடி, பேப்பர் கட்டு அடுக்கியிருக்கிற ரூம்புல சாயங்காலம் சொல்லிக் குடுக்கும். இவ மொதல்லயே தனியாப் போறேன்னுதான் சொன்னா. புருஷன் செத்த பிள்ளை, பஸ்ஸ்டாண்டு, சாயங்காலம். ஊரு சும்மா இருக்குமா? அதான் நானும் கூடப் போனேன். ஒரு நாள் விடாமப் போனேன். கம்பெனியில இருந்து நேரா வருவா, மூஞ்சியக்கூடக் கழுவ மாட்டா. நான் தூக்குச்சட்டியில சுண்டல் கொண்டு போவேன்.

நல்லாத்தான் படிச்சா. கை சரம் பின்னும், வாய் மனப்பாடப் பாட்டு சொல்லும். கூட வேலை பாக்குற பிள்ளைங்க, "டீச்சர் வந்துட்டாங்க, எந்திரிங்கடி"ன்னு கேலி பண்ணுவாளுகளாம். எட்டு வயசுப் பேத்தி யாழினி புஸ்தகத்தப் பிடிச்சுக்கிட்டு இவளுக்குக் கேள்வி கேக்கும். இவ தப்பாச் சொன்னா அது தலையில கொட்டும். சிரிப்பா இருக்கும் தாயி. எங்க வீட்டுல ரொம்ப நாள் கழிச்சு அப்பத்தான் சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு.

அந்தப் பொன்செல்விக்கு என்னயப் பிடிக்காது. பாடத்துல ஏதாச்சும் ஊரு பேரு வரும், நான் அந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போன என் சித்தி மக கதையச் சொல்லுவேன். அது பேனாவ மூடி வச்சிட்டு, "பாட்டி முடிச்சுட்டீங்களா?"ன்னு கேக்கும். கேக்குற தோரணை நல்லா இருக்காது. அப்புறம் ஒரு நாள் விண்ணப்பக் கடுதாசி நடத்துனுச்சு. அதுலதான் வந்துச்சு வினை.

ஆணையருக்கு விண்ணப்பம் எழுதணுமாம். தெருவுல தண்ணி வரல, நடவடிக்கை எடுங்கன்னு. அந்தப் பொண்ணு கைடைப் பாத்து வாசிக்குது. "எங்கள் தெருவில் குடிநீர் திறந்துவிடும் பணியாளர் தம் கடமையில் அலட்சியமாக இருப்பதால், பொதுமக்களாகிய நாங்கள் பெரிதும் அவதிக்குள்ளாகிறோம்." இவ குனிஞ்சுக்கிட்டு எழுதுறா தாயி. பேனா ஒரு இடத்துல நிக்கல. எனக்குச் சுண்டல் சட்டி கையில இருந்து நழுவிருச்சு.

"யாருடி அலட்சியம்? எம்மகனா?"ன்னு கேட்டேன்.

"பாட்டி, இது யாரையும் சொல்லல. சும்மா கற்பனை. பரீட்சைக்கு எழுதுறது"ங்குது அந்தப் பொண்ணு.

"கற்பனைன்னா வேற எதையாச்சும் எழுதச் சொல்லு. ரோட்டுல குழி இருக்குன்னு எழுதச் சொல்லு. லைட்டு எரியலன்னு எழுதச் சொல்லு."

"எது வரும்னு தெரியாது பாட்டி. எல்லாம் படிச்சு வைக்கணும். அக்கா, இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். கேள்வியில என்ன பேரு, என்ன முகவரி குடுத்திருக்கோ அதைத்தான் எழுதணும். உங்க சொந்தப் பேரு, ஊரு, தெரு எங்கயும் வரக்கூடாது. திருத்துறவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியக் கூடாது."

எனக்கு அது இன்னும் புதுசா இருந்துச்சு. குறை சொல்லுறது நம்ம குறை, கையெழுத்து மட்டும் எவ பேரோவா? நாலாவது நிமிஷம் அந்தப் பொன்செல்வி என்னய வெளிய போகச் சொல்லிருச்சு. அதுக்கப்புறம் நான் ஜெராக்ஸ் மெசினுக்குப் பக்கத்துல ஸ்டூல்லதான் உக்காந்திருந்தேன், பரீட்சை வர்ற வரைக்கும். மெசினு அனலடிக்கும் பாரு, அப்பப்பா.

வீட்டுக்கு வர்ற வழியில கேட்டேன், "உனக்கு எப்படிடி கை வந்துச்சு?"

"அஞ்சு மார்க்கு அத்த"ன்னா.

அஞ்சு மார்க்குக்கு எம்மகன விக்கிறா பாருன்னு நினைச்சேன். சொல்லல. அப்புறம் சொல்லவும் செஞ்சேன். எனக்கு மனசுல வச்சுக்கத் தெரியாது தாயி, எங்கம்மாவும் அப்படித்தான்.

பரீட்சை அன்னைக்குக் காலையில நெத்தியில துண்ணூறு பூசிவிட்டு, அவன் போட்டோவுக்கு முன்னாடி நிறுத்துனேன். "இங்க பாரு மாரீசு. அந்தத் தண்ணிக் கேள்வி வந்தா, அவனக் குறை சொல்லி ஒரு எழுத்து எழுத மாட்டேன்னு இவன் மேல சத்தியம் பண்ணு"ன்னேன்.

"அத்த, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"பண்ணிட்டுப் போ. உள்ளதை எழுது. எம்மகன் பதினோரு வருஷம் திறந்துவிட்டான், இன்ன தேதியில செத்தான், அதுக்கப்புறம் சரியான ஆள் போடல, அதான் தண்ணி வரலன்னு எழுது. நம்ம தெரு, நம்ம கதவு நம்பர், எல்லாம் போடு. கீழ உன் பேரைப் போடு. ஊரான் பேரு எதுக்கு? உனக்கு என்ன பேரா இல்ல?"

"சொந்தப் பேரு எழுதுனா தப்பு அத்த. பொன்செல்வி சொன்னுச்சுல்ல."

"அது நேத்துப் பிறந்த பிள்ளை. அதுக்கு என்ன தெரியும்? நான் அவனப் பெத்தவ சொல்றேன்."

கடிகாரத்தப் பாத்தா. என்னயப் பாத்தா. அவனப் பாத்தா. அப்புறம் போட்டோவுல கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டு ஓடுனா. நானும் பின்னாடியே ஓடுனேன், முழங்கால் வலியோட.

மூணு மணி நேரம் பள்ளிக்கூடத்துக்கு எதிர்த்தாப்புல வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன். அங்க ஒருத்தர் பேரனுக்காக வந்திருந்தாரு, அவருக்கு மூணு கலியாணமாம், அந்தக் கதையக் கேட்டா நீ இன்னைக்குப் பஸ்ஸேற மாட்ட. சரி, மணி அடிச்சு எல்லாரும் வந்துட்டாக. இவ கடைசியா வந்தா. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு.

"தண்ணி வந்துச்சு அத்த"ன்னா.

எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. "எழுதுனியா?"

"எழுதிட்டேன்."

"எம்புட்டு?"

"மூணு பக்கம்."

ஒரு பக்கத்துக்கு மேல எழுதக் கூடாதாம். இவ பாட்டுக்கு எழுதிக்கிட்டே போயிருக்கா. எழுதிக்கிட்டே அழுதுருக்கா. ஹாலுல நின்ன டீச்சரு வந்து, "உடம்பு சரியில்லையாம்மா? தண்ணி வேணுமா?"ன்னு கேட்டுச்சாம். அவன் செத்த அன்னைக்கு இவ அழுகல தாயி. ஊரே பேசுச்சு, நானும் பேசுனேன், கல்லு மாதிரி இருக்கா பாருன்னு. பதினாறாம் நாளு வரைக்கும் ஒரு சொட்டு வரல. அங்க போயி, பரீட்சை ஹாலுல உக்காந்து அழுதிருக்கா. வர்றப்ப பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. பதினாலு வருஷத்துல அதுதான் மொதத் தடவை. நான் தோள அசைக்கவே இல்ல. எங்க ஸ்டாப்பு வந்தும் எழுப்ப மனசில்லாம அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்தோம்.

அப்ப எம்புட்டுப் பெருமையா இருந்துச்சு தெரியுமா எனக்கு. தெருவுல எல்லார்கிட்டயும் சொன்னேன், எம்மருமக எம்மகன் பேரைப் பரீட்சையில எழுதிட்டு வந்திருக்கான்னு. பொன்செல்விகிட்டயும் கடைக்குப் போயி சொன்னேன். அது மெசின நிறுத்திட்டு, ஸ்டூல்ல உக்காந்துருச்சு. "அக்கா நல்லா எழுதுவாங்க பாட்டி, அறுபதுக்கு மேல வாங்கியிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு அங்கிட்டுத் திரும்பிக்கிருச்சு. பொறாமை. நாம சொல்லிக் குடுத்ததுக்கு மேல எழுதிட்டாளேன்னு.

இன்னைக்கு உள்ள பாத்தேன், அந்த மேடம் மேசையில இவ எழுதுன பேப்பர வச்சிருக்கு. செவப்பு மையில வட்டம் போட்டிருக்கு. எம்மகன் பேரச் சுத்தி ஒரு வட்டம். எங்க கதவு நம்பரச் சுத்தி ஒண்ணு. கீழ இவ பேரச் சுத்தி ஒண்ணு. அந்த மேடம் கெட்டதில்ல தாயி. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, "நான் இத முழுசாப் படிச்சேன்மா. இந்த மாதிரி ஒரு விண்ணப்பத்த நான் படிச்சதில்ல. ஆனா அடையாளம் தெரியுற மாதிரி எழுதுனா விதிப்படி என்னால ஒண்ணும் செய்ய முடியாது"ன்னுச்சு. படிச்சேன்னு சொல்லுற, நல்லா இருக்குன்னு சொல்லுற, அப்புறம் மார்க் போட உனக்கு என்ன கேடுன்னு கேட்டேன். அப்பத்தான் வெளிய உக்காரச் சொன்னது.

எல்லாம் அந்தப் பொன்செல்வியால வந்தது. ஒழுங்கா அழுத்திச் சொல்லியிருந்தா இவ கேட்டிருப்பால்ல? டீச்சருன்னா அடிச்சுச் சொல்லணும். சும்மா ஒரு தடவ சொல்லிட்டு விட்டா?

ஏன் தாயி என்னய அப்படிப் பாக்குற?

இந்தா வந்துட்டா. மாரீசு, இங்க வா. இந்தத் தாயிகிட்டத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். என்ன சொன்னாக?

"பேப்பர் ரத்து அத்த. அடுத்த பரீட்சையில எழுதிக்கலாமாம்."

அடுத்ததுன்னா எப்ப?

"புரட்டாசிக்கு மேல."

அப்ப ஆவணி? கிளார்க்கு சொன்னாருல்ல, ஆவணியோட...

"தெரியும் அத்த. நாளைக்குக் கம்பெனிக்குப் போகல, நகராட்சிக்குப் போறேன். கூட்டுற வேலைன்னே எழுதிக் குடுத்துட்டு வந்துடுறேன். யாழினி பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி வேலை முடிஞ்சிரும். நல்லதுதான்."

கேட்டியா தாயி? நல்லதுதானாம். ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கா பாரு. சரிடி, இம்புட்டு நேரம் உள்ள என்னதான் எழுதுன? பேனாவும் கையுமா இருந்தியே.

"விளக்கம் கேட்டாங்க. யாரு சொல்லி இப்படி எழுதுனீங்கன்னு. சொல்லிக் குடுத்தவங்க பேரு இருந்தாலும் எழுதச் சொன்னாங்க, அவங்களையும் விசாரிப்பாங்களாம்."

நீ என்ன எழுதுன?

"யாரும் சொல்லல, நானாத்தான் எழுதுனேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வாங்க போகலாம்."

பாத்தியா? பாத்தியா தாயி இந்த அநியாயத்த? நானா எழுதுனேனாம். அன்னைக்குப் போட்டோவுக்கு முன்னாடி வரி வரியாச் சொல்லி அனுப்புனது யாரு? எம்பேர எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிரும்? அவனப் பெத்தவ சொல்லித்தான் எழுதுனேன்னு ஒரே ஒரு வரி. அந்த மேடத்துக்கும் தெரிஞ்சிருக்கும்ல. இரு, நானே உள்ள போயி சொல்லிட்டு வந்துடுறேன். ஒரு நிமிஷம்தான் ஆகும், கதவு திறந்துதான இருக்கு.

"அத்த. வேணாம்."

ஏண்டி வேணாங்குற? உள்ளதச் சொல்ல என்ன பயம்? நீ தள்ளு.

"வேணாம் அத்த. வாங்க. கீழ பஸ் நிக்குது."

என்னடி இது, இம்புட்டு இறுக்கியா பிடிப்பா ஒருத்தி. சரி, போகல. போகலங்கிறேன்ல. கைய விடு மாரீசு, வலிக்குது.